பத்துக்கு எத்தனை?

"உங்கள் வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்?"

இவ்வினா இன்று எத்திசையிலும் ஒலிக்கிறது. அலுவலகப் பயிற்சி வகுப்பில் தாள் ஒன்றை நீட்டிக் கேட்கிறார்கள். இளைஞர் முகாமில் வட்டமொன்றை வரைந்து, எட்டுக் கூறுகளாக வகுத்து, உடல்நலம், பொருள், குடும்பம், இறைப்பற்று என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடச் சொல்கிறார்கள். உறங்கப் போகுமுன் கைப்பேசி நம்மை அழைத்து, சிரித்த முகத்தையோ அழுத முகத்தையோ தொட்டு அன்றைய மகிழ்ச்சியைப் பதிவு செய்யச் சொல்கிறது. முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் "மிகவும் திருப்தி", "திருப்தி", "திருப்தியில்லை" என்று கட்டமிட்ட படிவங்கள் நிரப்பப்படுகின்றன. நாமும் சற்றே யோசித்து, ஏழு என்றோ எட்டு என்றோ எழுதிவிட்டு எழுந்து போகிறோம்.

இவ்வளவு எளிதாக விடையளிக்கத் தக்க வினாவா இது? அன்று என்பதே என் வாதம். தன் வாழ்வுக்குத் தானே இட்டுக்கொள்ளும் மதிப்பெண், ஒரு மனிதரின் வாழ்வை அளக்காது. அளக்காததோடு நில்லாமல், எளியோரின் துன்பத்தை மூடி மறைக்கவும், வசதியுள்ளோரின் மனச்சான்றைத் தாலாட்டித் தூங்க வைக்கவும் அது துணைபோகிறது. கடுமையான கூற்றுத்தான். காரணங்களைச் சொல்கிறேன், வாசக அன்பர்கள் எடைபோட்டுப் பார்க்கட்டும்.

ஏணி வந்த வழி

முதலில் எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தை வழங்கிவிடுவோம். அமெரிக்க உளவியலார் ஹேட்லி கான்ட்ரில் 1965-இல் வெளியிட்ட நூலொன்றில் ஓர் ஏணியை அறிமுகப்படுத்தினார். அடியில் சுழியம், உச்சியில் பத்து. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு உச்சிப்படி. மிக மோசமான வாழ்வு அடிப்படி. இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இதுதான் வினா. 1985-இல் எட் டீனரும் அவர்தம் தோழர்களும் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோலை உருவாக்கினர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். கூட்டினால் ஐந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையே ஓர் எண் கிடைக்கும்.

இந்த ஆய்வுகள் வீண் என்று கூற நான் முற்படவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியே நாட்டின் நலம் என்று பொருளியல் வல்லுநர் பலர் பேசிக்கொண்டிருந்த காலத்தில், வருமானம் உயர்ந்தாலும் மகிழ்ச்சி அதே அளவில் உயர்வதில்லை என்று 1974-இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் எடுத்துக்காட்டினார். அவர் கையாண்ட சான்று, மக்கள் தாமே சொன்ன விடைகள்தாம். பூட்டான் முன்மொழிந்த தீர்மானத்தின்வழி 2011-இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, வளர்ச்சித் திட்டங்களில் மகிழ்ச்சிக்கும் இடம் தருமாறு உறுப்பு நாடுகளை அழைத்தது. மறு ஆண்டு முதல் உலக மகிழ்ச்சி அறிக்கை வெளிவருகிறது. கேலப் நிறுவனம் பெரும்பாலான நாடுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் அந்த ஏணி வினாவைக் கேட்கிறது. மூன்றாண்டு விடைகளின் சராசரியே தரவரிசையாகிறது. 2018 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் பின்லாந்துக்கே முதலிடம். 2025-இல் 147 நாடுகளில் இந்தியாவுக்கு 118-ஆம் இடம்.

உன் நலத்தைப் பற்றி உன்னையே கேட்கிறேன் என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை. நோயாளியிடம் வலி பத்துக்கு எத்தனை என்று மருத்துவர் கேட்பதும் தேவையே. அவ்வலியை வேறு எவர் அறிவார்? ஆயினும் வலி வேறு, வாழ்வு வேறு. ஒரு நொடியின் வலியை அளக்கும் கோலைக் கொண்டு அறுபதாண்டு வாழ்வை அளக்க முற்படும்போதுதான் தீமை தொடங்குகிறது.

ஆடும் தராசு

முதற் குற்றச்சாட்டு, தராசு ஆடுகிறது என்பது. 1988-இல் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக், லெனார்டு மார்ட்டின், நோர்பர்ட் ஷ்வார்ட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையினர் அனைவரும் அறிந்தது. கல்லூரி மாணவர்களிடம் இரண்டு வினாக்கள் கேட்கப்பட்டன. வாழ்வில் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறாய் என்பது ஒன்று. காதல் நாட்டத்தோடு எத்தனை முறை ஒருவரை வெளியில் சந்தித்தாய் என்பது மற்றொன்று. மகிழ்ச்சியைப் பற்றி முதலில் கேட்டபோது இரு விடைகளுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பே இல்லை. வரிசையை மாற்றியதும் வலுவான தொடர்பு தோன்றிவிட்டது. ஏன்? முந்தைய வினா எதை நினைவூட்டியதோ, அதன் நிழலில் நின்றுதான் பலர் தம் முழு வாழ்வையும் அளந்தனர்.

மாணவர்தாமே, இளமையின் தடுமாற்றம் என்று ஒதுக்கிவிடலாமா? 2008 முதல் நாள்தோறும் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்கரிடம் கேலப் நிறுவனம் திரட்டிய விடைகளை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலார் ஆங்கஸ் டீட்டன் ஆராய்ந்தார். ஏணி வினாவுக்கு முன்னர் அரசியலைப் பற்றிய வினாக்களைக் கேட்டாலே மக்கள் தங்கள் வாழ்வுக்கு இடும் மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு சரிவதை அவர் கண்டார். நாடு போகும் போக்கைப் பற்றி ஒரு சொல் கேட்டுவிட்டு, உன் வாழ்வு எப்படி என்று கேட்டால், வாழ்வே கீழ்ப்படிக்கு இறங்கிவிடுகிறது!

பல்லாயிரம் பேரின் விடைகளை ஒன்றுசேர்த்தால் இத்தகைய ஆட்டங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும், வினா வரிசையையும் சீர்செய்துகொள்ளலாம் என்பார்கள் ஆய்வாளர்கள். நாட்டுக்கு அது பொருந்தலாம். தனியொருவருக்கு? அவரிடம் இருப்பது ஒரே விடை. அதை ஈடுசெய்ய வேறொரு விடை இல்லை. காலையில் மகனோடு சண்டையிட்ட தந்தை மாலைப் பயிற்சி வகுப்பில் குடும்ப வாழ்வுக்கு நான்கு மதிப்பெண் இடுகிறார். அந்த நான்கை உண்மையென நம்பி, தன் இல்லறமே தோற்றுவிட்டது என்று வீடு திரும்புகிறார். அவரிடம் தாளை நீட்டியவர் இதற்குப் பொறுப்பேற்பாரா?

'போதும்' என்று சொல்லப் பழகியோர்

இரண்டாம் குற்றச்சாட்டே என் நெஞ்சை மிகவும் உறுத்துவது.

1943-ஆம் ஆண்டின் வங்கப் பெரும்பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. மறு ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூர்ப் பகுதியில் அனைத்திந்திய சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களிடமும், கணவனை இழந்த பெண்களிடமும் அவரவர் உடல்நலம் பற்றிக் கேட்கப்பட்டது. ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தாம் நோயுற்றிருப்பதாகவோ, தம் உடல்நலம் சுமாராக இருப்பதாகவோ கூறினர். கைம்பெண்களில் அவ்வாறு கூறியோர் நூற்றுக்கு இரண்டரைப் பேர் மட்டுமே. 'சுமார்' என்று சொன்ன கைம்பெண் ஒருவர்கூட இல்லை!

அப்படியானால் பஞ்சம் கடந்த வங்காளத்தில் கைம்பெண்களே நலமோடு வாழ்ந்தனரா? அக்காலத்துச் சமூகம் அவர்களுக்கு எத்தகைய உணவும் உடையும் மதிப்பும் வழங்கியது என்பதை அறிந்தவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியார். இந்தச் சான்றைத் தம் எழுத்துகளில் எடுத்தாண்ட பொருளியல் மேதை அமர்த்தியா சென் உணர்த்தும் உண்மை இதுதான்: நெடுநாள் இல்லாமையில் வாழ்ந்தவர், கிடைக்கக்கூடியதன் அளவுக்குத் தம் ஆசையையும் சுருக்கிக்கொள்கிறார். தன் உடல் நலிவுக்கும் ஒரு பொருட்டு உண்டு, அதைச் சொல்லலாம், சொன்னால் கேட்பாருண்டு என்று அந்தப் பெண்ணுக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. சொல்வதற்கு உரிய சொல்லே அவரிடம் இல்லை.

இதே சென் 2002-இல் மற்றொன்றையும் எடுத்துக்காட்டினார். இந்திய மாநிலங்களுள் நெடிய ஆயுளுக்குப் பெயர்பெற்ற கேரளத்தில்தான், தாம் நோயுற்றிருப்பதாகத் தாமே கூறுவோரும் மிகுதி. ஆயுள் மிகக் குறைந்திருந்த பீகாரிலோ, அப்படிக் கூறுவோர் மிகக் குறைவு. கல்வியும் மருத்துவமனையும் அருகில் உள்ள மக்களுக்கு எது நோய் என்று தெரியும், தெரிவதனால் முறையிடுகிறார்கள். முறையீடு பெருகுவது நலிவின் அடையாளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உரிமையுணர்வு விழித்ததன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

போதுமென்ற மனம் பொன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது அரிய பண்புதான். நிறையப் பெற்றவன் தன் பேராசைக்கு இடும் கடிவாளமாக இருக்கும்வரை. கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்து, சட்டியில் மிஞ்சியதை வழித்து உண்டு, "எனக்குப் போதும்" என்று சொல்லும் தாயின் 'போதும்' அந்தப் பொன் ஆகாது. அவர் தம் வாழ்வுக்கு எட்டு மதிப்பெண் இட்டால், அந்த எட்டைக் கண்டு மகிழ்வோர் யார்? அவரை அந்நிலையில் வைத்திருப்போர்தாமே!

எவரைக் கேட்கிறோம் என்பதோடு எவரைக் கேட்காமல் விடுகிறோம் என்பதும் சிந்திக்கத்தக்கது. மொத்த உற்பத்தியினும் மொத்த மகிழ்ச்சியே பெரிது என்று உலகுக்கு உரைத்த நாடு பூட்டான். ஒன்பது துறைகளையும் முப்பத்துமூன்று குறியீடுகளையும் கொண்ட அதன் அளவீடு, ஒற்றை ஏணியைவிட எவ்வளவோ மேம்பட்டது. உறக்கத்தையும் உழைப்பு நேரத்தையும் அயலார் உறவையும்கூட அது கருத்தில் கொள்கிறது. ஆனால் 1990-களில் அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டோ, அஞ்சி ஓடியோ நேபாளத்தின் அகதி முகாம்களை அடைந்த நேபாளி மொழி பேசும் மக்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். நாட்டின் மகிழ்ச்சியை அளந்த படிவம் அவர்கள் கையை எட்டவில்லை. எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டோரின் கண்ணீர் எந்தச் சராசரியையும் குறைப்பதில்லை.

நம் நாட்டிலும் இரட்டை நாக்கு இல்லாமலில்லை. 118-ஆம் இடம் என்றதும், இந்தத் தரவரிசையே நம்மை இழிவுபடுத்தும் சூழ்ச்சி என்று சிலர் கொதிக்கிறார்கள். பதினெட்டாம் இடம் கிடைத்திருந்தால் இவர்களே தெருத்தெருவாகத் தோரணம் கட்டியிருக்க மாட்டார்களா? எண் தாழ்ந்தால் அளவுகோலைப் பழிப்பதும், உயர்ந்தால் கொண்டாடுவதும் ஒரே நோயின் இரு முகங்கள். இரண்டிலும் மக்கள் சொல்ல வந்ததைக் கேட்கும் காது இல்லை.

மனந்திரும்பியவருக்கு மதிப்பெண் குறைவு

மூன்றாம் குற்றச்சாட்டு, விடையளிக்கும் மனிதரின் உள்ளத்தில் இவ்வினா விளைவிக்கும் கேட்டைப் பற்றியது. ஏணியின் உச்சிப்படி எது? எனக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு. வினாவிலேயே 'எனக்கு' என்பது மட்டும் இருக்கிறது. என் வாழ்வால் எவர் வாழ்ந்தார், எவர் வீழ்ந்தார் என்பதற்கு அந்த ஏணியில் படியே இல்லை.

டீனரின் ஐந்து வாக்கியங்களில் இறுதியானதைக் கவனியுங்கள். வாழ்வை மீண்டும் ஒருமுறை வாழ வாய்த்தாலும், அதில் மாற்றிக்கொள்ள ஏறத்தாழ ஏதுமில்லை என்னும் கருத்துடையது அது. இதை முழுமையாக ஏற்பவருக்கு ஏழு மதிப்பெண். அறவே மறுப்பவருக்கு ஒன்று. அப்படியாயின், தான் இழைத்த தீங்கை நினைத்து வருந்துபவரின் நிலை என்ன? தம்பியின் பங்கைப் பறித்துக்கொண்டதற்காக முதுமையில் மனம் கசிந்து, அந்த நாள் திரும்பி வந்தால் வேறுவிதமாக நடந்துகொள்வேன் என்று சொல்லும் அண்ணனுக்கு இந்தத் தாளில் மதிப்பெண் குறைகிறது. பறித்துக்கொண்டும் உறுத்தலே இன்றி வாழ்பவருக்கோ முழு மதிப்பெண்! மனந்திரும்பியவரைக் கீழிறக்கி, மனம் மரத்தவரை மேலேற்றும் ஒரு கோல், நலவாழ்வை அளக்கும் கோலாக எப்படி இருக்க முடியும்?

தன்னைத் தானே வாழ்த்திக்கொள்ளும் இப்பழக்கம் புதிதன்று. லிதிய நாட்டு மன்னன் குரோசஸ், ஏதென்சின் அறிஞர் சோலோனை அழைத்துத் தன் கருவூலத்தைச் சுற்றிக்காட்டி, உலகில் மிகவும் பேறுபெற்றவர் யார் என்று வினவிய கதையை ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். மன்னன் எதிர்பார்த்தது தன் பெயரை. சோலோன் சொன்னதோ, நல்ல பிள்ளைகளைப் பெற்று, பேரப்பிள்ளைகளையும் கண்டு, தன் நகருக்காகப் போரிட்டு மாண்ட டெல்லஸ் என்னும் குடிமகனின் பெயரை. ஒரு வாழ்வின் முடிவைக் காணுமுன் அதைப் பேறுபெற்றது என்று சொல்லலாகாது என்றும் அவர் எச்சரித்தார். பின்னர் மன்னன் மகனையும் இழந்தான், முடியையும் இழந்தான்.

லூக்கா நற்செய்தியில் வரும் செல்வனை நாம் அறிவோம். நிலம் நன்றாக விளைந்தது. களஞ்சியங்களை இடித்துப் பெரியதாகக் கட்டத் திட்டமிட்டான். இனிக் கவலையில்லை என்று தன் நெஞ்சோடு பேசினான். அந்த இரவே அவன் உயிர் கேட்கப்பட்டது. அன்று மாலை அவனிடம் ஏணியைக் காட்டியிருந்தால் எந்தப் படியைத் தொட்டிருப்பான் என்று சொல்லவும் வேண்டுமோ? கோவிலில் நின்ற பரிசேயரும் தம் நோன்புகளையும் காணிக்கையையும் எண்ணிச் சொன்னவரே. வரிதண்டுபவரைத் திரும்பிப் பார்த்துத் தமக்கு மதிப்பெண் இட்டுக்கொண்டவரே. ஏற்புடையவராகி வீடு திரும்பியவர் யார் என்பதும் நமக்குத் தெரியும்.

"திருச்சபையும் எண்ணச் சொல்லவில்லையா?"

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும்; எழ வேண்டும். தன்னாய்வை நமக்குக் கற்றுத் தந்ததே திருச்சபைதானே? 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் புனித இஞ்ஞாசியார், ஒவ்வொரு நாளுக்கும் கோடுகள் கிழித்து, குறிப்பிட்ட ஒரு குற்றத்தில் வீழ்ந்த முறைகளைப் புள்ளிகளாகக் குறித்து, நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறாரே! அதுவும் கணக்கு அல்லவா?

ஆம், கணக்குத்தான். ஆனால் எதன் கணக்கு? இன்று செய்த செயலின் கணக்கு. கோபத்தில் எத்தனை முறை சுடுசொல் பேசினேன் என்பதற்கு மெய்யான விடை உண்டு. பக்கத்திலிருந்தோர் சாட்சி சொல்ல முடியும். என் வாழ்வு ஏழா, எட்டா என்பதற்குச் சாட்சி எவர்? மேலும் அவர் வகுத்த பொதுத் தன்னாய்வு நன்றி கூறுதலில் தொடங்கி, அருளை வேண்டி, நாளை ஆராய்ந்து, மன்னிப்பு இறைஞ்சி, நாளை திருந்துவேன் என்ற உறுதியில் முடிகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் 'நான்' அல்லாத ஒருவர் இருக்கிறார். முழு வாழ்வுக்கும் இவ்வளவு என்று கூட்டுத்தொகை போடும் வேலை அதில் எங்குமே இல்லை. அத்தீர்ப்பைத் தனக்கு உரியதென அது கருதவில்லை.

எனவே தன்னாய்வு வேறு, தனக்குத் தானே வழங்கும் தீர்ப்பு வேறு. முன்னது நம்மைத் தெருவுக்கு அனுப்புகிறது, யாரிடமேனும் மன்னிப்புக் கேட்க, எதையேனும் திருப்பிக் கொடுக்க. பின்னது நம்மைக் கண்ணாடியின் முன் உட்கார வைக்கிறது.

நாம் செய்யத்தக்கது

கல்லை வெளியே மட்டும் எறிந்துவிட்டுப் போவது முறையன்று. நம் பெயரால் நடக்கும் இல்லங்களும் விடுதிகளும் மருத்துவமனைகளும் பல. அவற்றிலும் இத்தகைய படிவங்கள் புகுந்துவருகின்றன. உணவு பரிமாறுபவரே படிவத்தை நீட்டி நிற்கும்போது, போக்கிடமற்ற ஒரு முதியவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்? 'மிகவும் திருப்தி' என்ற அந்தக் குறியை ஆண்டறிக்கையில் அச்சிட்டு, நன்கொடையாளருக்கு அனுப்பி நாம் மனநிறைவு கொள்வோமானால், சிங்கூரின் கைம்பெண்களுக்கு நேர்ந்ததையே நாமும் நிகழ்த்துகிறோம்.

மதிப்பெண்ணைக் கேட்பதை விடுத்து, விடை வந்தால் கேட்டவரே எழுந்து ஏதேனும் செய்தாக வேண்டிய வினாக்களைக் கேட்போம். நேற்றிரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? மருத்துவரிடம் போக நீங்கள் எவர் அனுமதியைப் பெற வேண்டும்? நள்ளிரவில் உடல்நலம் கெட்டால் கதவைத் தட்ட எந்த வீடு இருக்கிறது? உங்கள் கூலி முழுதாக உங்கள் கைக்கு வருகிறதா? இங்கே பிடிக்காத ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு என்ன நேரும்? இறுதி வினாவைத் தனிமையில், அதிகாரமற்ற ஒருவரைக் கொண்டு கேட்க வேண்டும். இவ்வினாக்களுக்கு வரும் விடைகளைக் கூட்டிச் சராசரி காண முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மறுமொழி சொல்லியாக வேண்டும். அதனாலேயே அவற்றைக் கேட்க நாம் தயங்குகிறோம்.

நம்மிடம் எவரேனும் தாளை நீட்டி, வாழ்வுக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால், கட்டத்தை வெறுமையாக விட்டுவிடும் துணிவு நமக்கு வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல நாம் மட்டும் போதாது. நம்மோடு வாழ்ந்தோர் இருக்கிறார்கள்; நம்மால் துன்புற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுள் இதுவரை எவரும் கேளாதிருந்த ஒருவரை இந்த வாரமே தேடிச் சென்று, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்போம். "நன்றாக இருக்கிறேன்" என்று அவர் சொல்லக்கூடும். அப்போது எழுந்து வந்துவிடாமல், இன்னும் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்போம்.